மலையில இருந்து கடலுக்கு: பியர் ஓரமா, கூட்டமான பீச்ல சர்ஃபிங் பண்ண முழுமையான வழிகாட்டி

போன மாசம் அரவேணு பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது ரெண்டு காலேஜ் பசங்க வந்து, அக்கா நீங்க கடல்ல சர்ஃபிங் போவீங்களாமே, நாங்க லீவுக்கு மெட்ராஸ் போறோம், ஒரே நாள்ல கத்துக்கிட்டு நின்னுடலாமான்னு கேட்டாங்க. பஸ் வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் பேசினேன், பத்தல. அலையில போர்டு மேல நிக்கிறதப் பத்தி மட்டும்தான் அவங்க கேட்டாங்க, ஆனா நான் சொல்ல வேண்டியது எல்லாம் அதுக்கு முன்னாடி இருக்கு, எங்க இறங்கணும், எந்தப் பக்கம் உக்காரணும், யாருக்கு வழி விடணும், தண்ணி எங்க இழுக்கும்னு. இதெல்லாம் தெரியாம நிக்க மட்டும் கத்துக்கிறது பிரேக் புடிக்கத் தெரியாம காட் ரோட்ல வண்டிய இறக்கற மாதிரி. அன்னிக்கு விட்டுப்போனத எல்லாம், பியர்னு சொல்ற, கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பாலத்துக்குப் பக்கத்துல சர்ஃபிங் பண்றதையும் சேத்து, இங்க எழுதறேன், கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்னு மலையிலயே வளந்து கடல் பழக்கம் இல்லாதவங்களுக்காக.

எங்க பாட்டி கடலைப் பாத்தது வாழ்க்கையில ஒரே தடவை. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களோடது, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, அங்க இருந்து நேரா நீலகிரிக்கு, அப்புறம் டேன்டீங்கற அரசு தேயிலை எஸ்டேட்ல லைன் வீடு, தேயிலைக் கூடை, அவ்ளோதான். கப்பல்ல வழி முழுக்க வாந்தியாம். நான் சர்ஃபிங் போறேன்னு சொன்னப்போ பாட்டி திட்டல, "கடலுக்கு முதுகு காட்டாத சாமி"ன்னு மட்டும் சொன்னாங்க. பின்னாடி எனக்குக் கத்துக் குடுத்த கோச்சும் முதல் நாள் முதல் வார்த்தையா அதையேதான் சொன்னாரு.

பியர் பக்கத்துல மட்டும் ஏன் இவ்ளோ கூட்டம்

பீச் பிரேக்னா பாறை இல்லாம மணல் திட்டு மேல உடையுற அலை. ஆழத்துல இருந்து வர்ற அலை தன்னோட உயரத்துல சுமார் 1.3 மடங்கு ஆழம் வர்ற இடத்துல தாங்க முடியாம உடையும், அதாவது 3 அடி அலைன்னா ஏறக்குறைய 4 அடி தண்ணியில உடையுது. இந்தக் கணக்க மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா நீங்க விழப்போறதும் அந்த 4 அடி தண்ணியிலதான், சில நேரம் அதுக்கும் கம்மியில.

சாதாரண பீச்ல இந்த மணல் திட்டு வாரத்துக்கு ஒரு இடத்துல இருக்கும், நேத்து நல்லா உடைஞ்ச இடத்துல இன்னிக்கு ஒண்ணுமே இருக்காது. ஆனா கடலுக்குள்ள ஒரு பாலமோ கல்லுக்கட்டோ நீட்டிக்கிட்டு இருந்தா கரையோரமா நகர்ற மணல் அங்க தட்டி நிக்கும், திட்டு ஓரளவுக்கு அதே இடத்துல இருக்கும், அலையும் அதே இடத்துல உடையும். அலை முதல்ல உடையுற அந்த இடத்த சர்ஃபருங்க பீக்னு சொல்லுவாங்க. எல்லாருக்கும் அந்த இடம் தெரியும், அதனாலதான் கூட்டம். கலிஃபோர்னியால ஹன்டிங்டன் பீச்சுனு ஒரு ஊரு, அங்க 1914ல புதுப் பியர் திறந்தப்போ ஜார்ஜ் ஃப்ரீத்துனு ஹவாய்க்காரரு பக்கத்துல சர்ஃபிங் பண்ணிக் காட்டினாரு, அப்ப இருந்து இன்னிக்கு வரைக்கும் அந்தப் பியரோட ரெண்டு பக்கமும் ஆளுங்க முட்டி மோதிக்கிட்டுதான் இருக்காங்க.

நம்ம கரையில தூண் மேல நிக்கிற பாலம் குறைவு, கல்லு போட்டுக் கட்டின தூண்டில் வளைவுதான் அதிகம். ரெண்டும் வேற வேற மாதிரி வேலை செய்யும். தூண் பாலத்துக்கு அடியில தண்ணி புகுந்து போகும், தூணச் சுத்தி மணலக் குடைஞ்சு பள்ளம் பண்ணும். கல்லுக்கட்டு தண்ணிய உள்ள விடாது, அதனால கரையோரமா வர்ற ஓட்டம் கல்லுல முட்டி, கல்ல ஒட்டியே கடலுக்குள்ள திரும்பி ஓடும். நான் பியர்னு எழுதற இடத்துல எல்லாம் ரெண்டையும் சேத்து எடுத்துக்கோங்க, வித்தியாசம் வர்ற இடத்துல தனியாச் சொல்றேன்.

மலையில இருக்கும்போதே செய்ய வேண்டியது

நீச்சல். இது இல்லாம மத்தது எதுவும் வேண்டாம். போர்டு மிதக்குமே, காலோட லீஷ்ங்கற கயிறு கட்டி இருக்குமேன்னு சில பேர் சொல்லுவாங்க, லீஷ் அறுந்துபோகும், நானே ரெண்டு தடவ பாத்திருக்கேன். நிக்காம 200 மீட்டர் நீந்தணும், அப்புறம் எதையும் புடிக்காம 10 நிமிஷம் ஒரே இடத்துல மிதக்கணும், இந்த ரெண்டும் வந்தா கிளம்புங்க. இதுக்காக நம்ம ஊரு டேம்லயோ அருவித் தடாகத்துலயோ இறங்கிப் பழகாதீங்க, தண்ணி உறையுற குளிர்ல இருக்கும், அடியில சேறும் கிளையும் இருக்கும், போன உயிரெல்லாம் போதும். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் இறங்கி நீச்சல் குளத்துல கோச் வச்சுக் கத்துக்கிறதுதான் சரி. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நாலு மாசம் இறங்கினேன்.

ரெண்டாவது தோள். மலையேறி இறங்கி நமக்குக் காலு நல்லா இருக்கும், அதுல கவலையில்ல. ஆனா சர்ஃபிங்ல முக்கால்வாசி நேரம் குப்புறப் படுத்துக் கையால தண்ணி தள்றதுதான், நிக்கிறது சில வினாடி. தரையில குப்புறப் படுத்து நெஞ்ச மட்டும் தூக்கி வச்சு ரெண்டு கையையும் மாத்தி மாத்தி துடுப்பு போடற மாதிரி 3 நிமிஷம் செஞ்சு பாருங்க, கழுத்துக்குக் கீழ எங்க வலிக்குதோ அங்கதான் கடல்லயும் வலிக்கும். தினமும் செய்ங்க.

மூணாவது எழுந்து நிக்கிறது, பாப் அப்னு சொல்றது. பாய் விரிச்சுப் படுங்க, கை ரெண்டும் விலாவுக்குப் பக்கத்துல, ஒரே தள்ளுல மேல வந்து ரெண்டு காலும் ஒண்ணா இறங்கணும், முட்டி போட்டு எந்திரிக்கப் பழகாதீங்க, அந்தப் பழக்கம் அப்புறம் போகவே போகாது. காலு தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, முட்டி மடங்கி, இடுப்பு தாழ்ந்து, கண்ணு போற திசையில. காலப் பாத்தா விழுவீங்க. இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு, மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, கவர்மென்ட் பஸ்ல நின்னுக்கிட்டு வரும்போது கம்பிய லேசா மட்டும் தொட்டுக்கிட்டு முட்டிய மடக்கி வளைவுக்கு வளைவு எடைய மாத்திப் பாருங்க, எந்தக் காலு முன்னாடி வச்சா உடம்பு நிதானமா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும். எனக்கு வலது காலு முன்னாடி, சர்ஃபர் பாஷையில கூஃபி. அத பஸ்லதான் கண்டுபுடிச்சேன்.

எப்போ, எப்படிப் போறது

மேட்டுப்பாளையத்துல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில சென்னை, அங்க இருந்து ஈசிஆர் பஸ்ல கோவளம், மாமல்லபுரம். பாண்டிச்சேரிக்கு வடக்கால செரினிட்டி பீச்சும் இருக்கு. போர்டு, லீஷ் எல்லாம் அங்கயே வாடகைக்குக் கிடைக்கும், கிளாஸும் இருக்கும். முதல் அஞ்சாறு தடவ கோச் இல்லாம இறங்காதீங்க.

நம்ம கிழக்குக் கரையில தென்மேற்குப் பருவ மாசங்கள்ல காலையில காத்து நிலத்துல இருந்து கடலுக்கு வீசும், அலையோட முகம் சுத்தமா நிக்கும், பத்து பதினோரு மணிக்கு மேல கடல்காத்து திரும்பிட்டா எல்லாம் கலைஞ்சிடும். அதனால விடியக்காலையிலதான் நல்ல அலை, அதனாலயே கூட்டமும் அப்பதான். வடகிழக்குப் பருவத்துல கடல் முரட்டுத்தனமா இருக்கும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு அது வேண்டாம். பிப்ரவரி, மார்ச்ல அலை சின்னது, பழகறதுக்கு அதுதான் நல்ல நேரம்.

கிளம்பற முந்தின நாள் ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் வெளியிடற கடல் அறிவிப்பப் பாருங்க. அலை உயரம் மட்டும் பாக்காதீங்க, ரெண்டு அலைக்கு நடுவுல எத்தன வினாடின்னும் பாக்கணும், ஒரே 3 அடி அலை 6 வினாடி இடைவெளில வந்தா உள்ளூர்க் காத்து கிளப்பினது, பலம் கம்மி, 14 வினாடி இடைவெளில வந்தா ரொம்பத் தூரத்துல தெற்குக் கடல்ல புயல்ல பொறந்து வந்தது, அதோட தள்ளு வேற மாதிரி இருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தா தண்ணிப்பக்கமே போகாதீங்க. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவங்க செத்துப்போனது அந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நேரத்துலதான். வானம் தெளிவா இருக்கும், காத்தே இருக்காது, அலை மட்டும் திடீர்னு ஏறும்.

இன்னொண்ணு, நம்ம உடம்பு 15 டிகிரி குளிருக்குப் பழகினது, அங்க காலை 8 மணி வெயிலே தோல உரிச்சிடும். ரேஷ் கார்டுங்கற முழுக்கை நீச்சல் சட்டை, லெக்கிங்ஸ், மூக்குல கன்னத்துல ஜிங்க் கிரீம். பொண்ணுங்க, நான் இதுதான் போட்டுக்கிறேன், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, போர்டு உரசி வயித்துல புண்ணும் ஆகாது. இறங்கறதுக்கு முன்னாடி உப்பு போட்ட மோர் ரெண்டு டம்ளர்.

முதல் அரை மணி நேரம் கரையில

இதத்தான் யாரும் செய்யறதில்ல. ராத்திரி முழுக்க டிராவல் பண்ணி வந்த வேகத்துல ஓடிப்போய்த் தண்ணில விழுந்துடறாங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன், போர்டக் கீழ வச்சுட்டு மணல் மேட்டுல உக்காருங்க.

முதல்ல அலை கொத்தா வர்றதப் பாருங்க. அஞ்சாறு பெருசா வரும், செட்டுன்னு சொல்லுவாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும். நீங்க வந்தப்ப அமைதியா இருந்தா அது இடைவெளியா இருக்கலாம். குறைஞ்சது மூணு செட்டு பாத்துட்டுத்தான் இன்னிக்கு அலை எவ்ளோன்னு முடிவு பண்ணணும்.

அடுத்து ஓட்டம். ஒருத்தர் தண்ணில உக்காந்திருக்காரில்ல, அவருக்குப் பின்னாடி எதாவது ஒரு படகையோ தூணையோ நேர்கோடா வச்சுக்கோங்க, கை போடாம இருக்கும்போதே அஞ்சு நிமிஷத்துல அவரு எந்தப் பக்கம் நகர்ந்திருக்காருன்னு பாருங்க. நம்ம கரையில பொதுவா தென்மேற்குப் பருவத்துல ஓட்டம் தெற்குல இருந்து வடக்க, வடகிழக்குப் பருவத்துல வடக்குல இருந்து தெக்க. மொத்தக் கணக்குல வடக்குப் பக்கம் போற மணல்தான் அதிகம், அதனாலதான் 80கள் கடைசில பாண்டிச்சேரி துறைமுகத்துக்குக் கல்லு போட்டதுக்கு அப்புறம் தெக்கால மணல் சேந்து, வடக்கால ஊருக்கு முன்னாடி இருந்த பீச்சே காணாமப் போச்சு. ஆனா அன்னன்னிக்கு ஓட்டம் மாறும், பாத்துத்தான் சொல்லணும்.

அப்புறம் ரிப். இதுதான் உயிர் விஷயம். அலை அலையா கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி தேடும், திட்டுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் வழியா ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள்ள ஓடும். பியர் இருக்கிற இடத்துல பியர ஒட்டியே அந்த வாய்க்கால் பெரும்பாலும் இருக்கும். பாக்கறதுக்கு எப்படி இருக்கும்னா, ரெண்டு பக்கமும் வெள்ளையா நுரை பொங்கிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு பட்டை மட்டும் அலை உடையாம, கொஞ்சம் கருப்பா, மேல சின்னச் சின்னச் சுருக்கமா, சில நேரம் கலங்கின மணலும் நுரையும் வெளிப்பக்கமா நகர்ந்துக்கிட்டு இருக்கும். கடல் தெரியாதவங்களுக்கு அந்த இடம்தான் பத்திரமாத் தெரியும், குடும்பத்தோட வந்தவங்க குழந்தையக் கூட்டிக்கிட்டு சரியா அங்கதான் இறங்குவாங்க. பாத்தா தயவுசெஞ்சு போய்ச் சொல்லுங்க.

எந்தப் பக்கம் இறங்கணும்

ஓட்டம் உங்கள பியர விட்டுத் தள்ளிக்கிட்டுப் போற பக்கம் இறங்கணும், பியர் மேல கொண்டுபோய் மோதவைக்கிற பக்கம் கூடாது. ஓட்டம் தெற்குல இருந்து வடக்கன்னா பியருக்கு வடக்குப் பக்கம். இத நான் வலிச்சுக் கத்துக்கிட்டேன்.

என்னோட ரெண்டாவது வருஷம், ஆகஸ்ட் மாசம், ஒரு கல்லுக்கட்டுக்குத் தெக்கால டீக்கடை இருக்குன்னு அங்கயே இறங்கிட்டேன். அரை மணி நேரம் நல்லாத்தான் இருந்தது, ஒரு அலை புடிச்சேன், ரெண்டாவது புடிச்சேன், சந்தோஷத்துல கரையப் பாக்கவே இல்ல. திரும்பிப் பாக்கும்போது டீக்கடை எங்கயோ பின்னாடி, கல்லு 10 மீட்டர்ல. ஒவ்வொரு அலையும் கல்லுல மோதி தண்ணி மேல தெறிச்சு திரும்ப என் முகத்துல விழுது, கல்லு இடுக்குல தண்ணி உறிஞ்சற சத்தம் கேக்குது. நான் கரையப் பாத்து, ஓட்டத்துக்கு எதுத்தாப்புல கை போடறேன் போடறேன், ஒரு அடி நகரல. கல்லு மேல உக்காந்து தூண்டில் போட்டுக்கிட்டு இருந்த பையன், பதினாலு வயசு இருக்கும், எந்திரிச்சு நின்னு கத்தினான், "அக்கா எதுத்து அடிக்காதீங்க, வெளிய போங்க, வெளிய!" கடலப் பாத்துக் கையக் காட்டறான். கரைக்குப் போகத் துடிக்கிற நேரத்துல நடுக்கடலப் பாத்துப் போறதுக்கு மனசே வராது, ஆனா வேற வழியில்ல, திருப்பினேன், அந்த ஓட்டமே என்னத் தூக்கிக்கிட்டு கல்லு முனையத் தாண்டி வெளிய விட்டுது. முனையத் தாண்டினதும் இழுப்பு விட்டுப்போச்சு. அங்க இருந்து சுத்தி வடக்குப் பக்கம் வந்து அலையோட கரை ஏறினேன். கை ரெண்டும் அரை மணி நேரம் நடுங்கிக்கிட்டு இருந்தது.

ஓட்டத்துக்கு மறுபக்கமா இருந்தாலும் பியர ஒட்டி உக்காராதீங்க, கல்லுக்கட்டு ஓட்டத்த மறைக்கிற பக்கத்துல தண்ணி சுழண்டு திரும்பக் கல்லப் பாத்தே வரும், தூணுக்கு அடியில பள்ளமும் இருக்கும். புதுசா இருக்கிறவங்க 30 மீட்டருக்குக் கம்மியா கிட்டப் போகவே கூடாது. பழகினவங்க பியர் ஓர ரிப்புல படுத்துக்கிட்டு லிஃப்ட்டு மாதிரி சுலபமா வெளிய போவாங்க, அதப் பாத்து நீங்களும் பின்னாடி போகாதீங்க, திரும்பி வர்ற வழி அவங்களுக்குத் தெரியும்.

கரையில ரெண்டு அடையாளம் வச்சுக்கோங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, உதாரணத்துக்கு ஒரு படகும் அதுக்கு நேர் பின்னால ஒரு தென்னை மரமும். ரெண்டும் ஒரே கோட்டுல தெரியற வரைக்கும் நீங்க இடத்துல இருக்கீங்க. விலக ஆரம்பிச்சா நகர்றீங்க. மீனவங்க காலங்காலமா நடுக்கடல்ல மீன் இருக்கிற இடத்த இப்படித்தான் குறிச்சு வச்சுக்கிறாங்க.

உள்ள போறது

8 அல்லது 9 அடி ஸாஃப்ட் டாப் போர்டு, அதாவது மேல மெத்துனு இருக்கிற போர்டு, கேட்டு வாங்குங்க. சின்ன போர்டு அழகா இருக்குன்னு எடுக்காதீங்க. லீஷ் பின்னங்கால்ல. இடுப்பளவு தண்ணி வரைக்கும் போர்ட உங்க பக்கவாட்டுல, போர்டோட மூக்கு, அதாவது முன்முனை, அலையப் பாத்து வச்சுத் தள்ளிக்கிட்டுப் போங்க. உங்களுக்கும் அலைக்கும் நடுவுல போர்டு குறுக்க வந்தா அலை அத எடுத்து உங்க வாயிலயே அடிக்கும். காலத் தூக்கி வைக்காம மணல்லயே தேய்ச்சுக்கிட்டு நடங்க, அடியில திருக்கை படுத்திருந்தா நகர்ந்துடும்.

பெரிய நுரை வந்தா டர்ட்டில் ரோல். போர்டோட ரெண்டு ஓரத்தையும் இறுக்கிப் புடிச்சு அப்படியே தலைகீழா திரும்பிடணும், போர்டு மேல, நீங்க கீழ, அலை போனதும் திரும்ப ஏறிக்கணும். பயத்துல போர்ட விட்டுட்டு முங்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். 9 அடி போர்டு, 9 அடி லீஷ், சேத்தா உங்களச் சுத்தி 18 அடிக்கு அந்தப் போர்டு பறக்கும், பின்னாடி வர்றவங்க தலையிலதான் இறங்கும். கூட்டத்துல சண்டை வர்றதுக்கு முதல் காரணம் இதுதான், தையல் போடறதுக்கும் இதுதான்.

வரிசை

காட் ரோட்ல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழின்னு நமக்கு ரத்தத்துலயே ஊறியிருக்கு. கடல்ல அப்படியே தலைகீழ். அலையில இறங்கி வர்றவங்களுக்குத்தான் வழி, உள்ள ஏறிப் போறவங்க ஒதுங்கணும். ஒதுங்கறதுன்னா அவங்க முன்னாடி ஓடித் தப்பிக்கிறது இல்ல, அவங்க போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், உடைஞ்ச நுரைக்குள்ள போறது. நுரை உங்கள உருட்டும், பரவாயில்ல, அந்த அடி உங்களோடது.

ரெண்டாவது, ஒரு அலைக்கு ஒருத்தர். அலை முதல்ல உடையுற இடத்துக்கு யாரு கிட்ட இருக்காங்களோ அவங்களோடது. அவங்க எந்திரிச்ச அலையில இன்னும் உடையாத தோள்ப்பக்கமா நீங்க புகுந்தா அதுக்கு ட்ராப் இன்னு பேரு, இதவிடப் பெரிய தப்பு கிடையாது. கை போடறதுக்கு முன்னாடி உடையுற பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாக்கணும், ஒவ்வொரு அலைக்கும், தவறாம. யாராச்சும் வந்தா போர்டப் பின்னுக்கு இழுத்து உக்காந்துடுங்க. ரெண்டு பக்கமும் உடையுற பீக்னா, நீ எந்தப் பக்கம்னு கேளுங்க, "ரைட்டு", "லெஃப்ட்டு"ன்னு கத்திச் சொல்லுங்க, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போலாம்.

மூணாவது, இப்பதான் அலை புடிச்சு முடிச்சவரு சுத்திக்கிட்டு வந்து திரும்பவும் எல்லாரையும் தாண்டி அலை உடையுற இடத்துக்குக் கிட்டப் போய் உக்காரக் கூடாது. பெரிய போர்டு வச்சிருந்தா தூரத்துலயே அலையப் புடிச்சிடலாம்ங்கறதுக்காக எல்லாத்தையும் நீங்களே எடுக்காதீங்க.

பியர் பக்கத்து முதல் பீக்ல ஊர்ப் பசங்கதான் உக்காந்திருப்பாங்க. அது அவங்க தினமும் வர்ற இடம், அவங்க அப்பா படகு இறக்கற இடம். நாம வருஷத்துக்கு நாலு தடவ வர்றவங்க. பியர்ல இருந்து தள்ளி ரெண்டாவது, மூணாவது திட்டுல சின்னதா உடைஞ்சுக்கிட்டு இருக்கும், அங்க போங்க. அலை கொஞ்சம் மட்டம்தான், ஆனா முதல் பீக்ல ஒரு மணி நேரத்துல ரெண்டு அலை கிடைச்சா இங்க பத்து கிடைக்கும், கத்துக்கிறவங்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். நான் ஒரு வருஷம் முழுக்க ரெண்டாவது திட்டுலதான் இருந்தேன். ஒரு நாள் காலையில முதல் பீக்ல இருந்து ஒரு தம்பி, அக்கா இங்க வாங்க, இந்த அலை உங்களுக்குன்னு கூப்பிட்டான், தப்பு பண்ணிட்டா சாரி சொல்லி, நல்ல அலை எடுத்தவங்களப் பாத்துச் சிரிச்சு, அங்கயே பழகினதால கூப்பிட்டான்.

அலை புடிக்கிறது

பியருக்கு வடக்குப் பக்கம் இருந்தா ரைட்டு போங்க, தெக்குப் பக்கம் இருந்தா லெஃப்ட்டு. கிழக்குக் கரையில கரையப் பாத்து வரும்போது உங்க முகம் மேற்க, வலது கை வடக்க, அதனால வடக்குப் பக்கத்துல ரைட்டு உங்கள பியர விட்டு விலக்கிக் கொண்டுபோகும். எவ்ளோ அழகான அலையா இருந்தாலும் பியரப் பாத்துப் போறதா இருந்தா விட்டுடுங்க.

அலை வரும்போது போர்டு மூக்கு தண்ணிக்கு மேல மூணு விரல் அளவு இருக்கற மாதிரி படுங்க, ரொம்ப முன்னாடி போனா குத்திக்கும், பின்னாடி போனா அலை உங்கள விட்டுட்டுப் போயிடும். ஆறேழு தடவ ஆழமா, அவசரப்படாம கை போடுங்க. பின்னாடி தண்ணி தூக்கறது தெரியும், போர்டு தானா வழுக்க ஆரம்பிக்கும், பல பேரு அந்த நேரத்துல எந்திரிச்சிடறாங்க, இன்னும் ரெண்டு கை போடுங்க, அப்புறம் எந்திரிங்க. கண்ணு போக வேண்டிய பக்கம்.

விழறதும் ஒரு பாடம்தான். தலைகீழா டைவ் அடிக்காதீங்க, அந்த 4 அடிக் கணக்க நினைச்சுக்கோங்க. மல்லாக்கவோ பக்கவாட்டுலயோ பரப்பா விழுங்க, போர்டுக்கு முன்னாடி இல்லாம பின்பக்கமா. மேல வரும்போது ஒரு கை தலைக்கு மேல, முழங்கை முகத்துக்கு முன்னாடி. வந்ததும் முதல் வேலை போர்டு எங்க, ரெண்டாவது அடுத்த அலை எங்க, அடுத்த அலையில யாரு வர்றாங்க.

மாட்டிக்கிட்டா

ரிப்புல மாட்டினா எதுத்து நீந்தாதீங்க, எவ்ளோ நல்ல நீச்சல்காரரா இருந்தாலும் தோத்துப்போவாரு, பலமான ரிப்பு வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல ஓடும். போர்ட விடாதீங்க, அதுதான் உங்க படகு. மேல படுத்து மூச்ச நிதானப்படுத்துங்க, பியருக்கு எதிர்ப்பக்கமா கரைக்கு இணையா கை போடுங்க, நுரை தெரியற இடம் வந்ததும் கரையப் பாத்துத் திரும்புங்க. முடியலைன்னா ஒரு கையத் தூக்கி ஆட்டிக்கிட்டு மிதங்க.

தூண் பாலத்துக்கு உள்ள இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சா, போர்டக் குறுக்க விடாம படுத்துக்கிட்டு ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியப் பாத்து நேரா விடுங்க. தூணக் கட்டிப்புடிக்காதீங்க, அதுல ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும். லீஷ் தூண்ல சுத்திக்கிட்டா யோசிக்காம கணுக்கால் பட்டைய ஒரே இழுப்புல பிச்சு எடுத்துடுங்க, போர்டு போனாப் போகட்டும். இந்தப் பட்டைய இழுக்கறத கரையிலயே கண்ண மூடிக்கிட்டு பத்து தடவ பழகுங்க. கல்லுக்கட்டுன்னா கல்லு மேல ஏறித் தப்பிக்கலாம்னு போகவே போகாதீங்க, பாசி வழுக்கும், அடுத்த அலை எடுத்து அடிக்கும். வெளிய போங்க, அந்தப் பையன் சொன்ன மாதிரி.

பியர் மேல தூண்டில் போடறவங்க இருந்தா அவங்க நரம்பு எங்க தண்ணில இறங்குதுன்னு பாத்து ஒதுங்குங்க. கரைவலை இழுக்கற நேரம்னா தண்ணியில இருந்து வெளிய வந்துடுங்க, வலைக்குள்ள போர்டோட மாட்டினா உங்களுக்கும் ஆபத்து, அவங்க ஒரு நாள் பாடும் போச்சு. ஃபைபர் படகு கரைக்கு வரும்போது அவரு அலையப் பாத்துக்கிட்டு வேகமா வருவாரு, உங்களப் பாக்கமாட்டாரு, எப்பவும் படகுக்குத்தான் முதல் வழி. வலை இழுக்க ஆள் பத்தலைன்னா போய் ஒரு கை புடிங்க, நான் புடிச்சிருக்கேன், கயிறு உள்ளங்கைய உரிச்சிடுச்சு, கிளம்பும்போது ஒரு அண்ணன் பாலிதீன் கவர்ல கைநிறைய நெத்திலி போட்டுக் குடுத்தாரு.

வெளிய வர்றது

ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒன்றரை. தோள் கனத்து, கை தண்ணிக்குள்ள ஆழமா இறங்காம மேலயே தட்ட ஆரம்பிச்சா அதுதான் நேரம், இன்னும் ஒரே ஒரு அலைன்னு இருக்காதீங்க. கடைசி அலையில நிக்கவேண்டாம், நுரையில குப்புறப் படுத்தபடியே முட்டியளவு தண்ணி வரைக்கும் வந்துடுங்க. இறங்கினதும் போர்டக் கையில எடுத்துக்கிட்டு பக்கவாட்டா நடங்க, ஒரு கண்ணு பின்னால அலை மேலயே இருக்கட்டும், முட்டியளவு தண்ணியிலதான் முதுகுல அடி வாங்கி விழறவங்க அதிகம். ஈர மணலத் தாண்டி காஞ்ச மணலுக்கு வந்த அப்புறம் லீஷக் கழட்டுங்க. நல்ல தண்ணில போர்டக் கழுவி, போர்டுக்கு அடியில இருக்கிற ஃபின்ல மணல் இருந்தா தட்டிவிட்டு, நிழல்ல கவுத்து வச்சுட்டுத்தான் டீக்கு.